மலையா மறைத்தது?

காஷ்மீரத்தில், பகல்காம் ஊருக்கு மேலே ஒரு புல்வெளி இருக்கிறது. பைசரன் என்பது அதன் பெயர். உந்துவண்டி அங்கே ஏறாது. காலால் நடந்தோ, மட்டக்குதிரை மீதமர்ந்தோதான் போய்ச் சேர வேண்டும். சுற்றிலும் பைன் மரக்காடு. நடுவே பச்சைப் பட்டு விரித்தாற்போன்ற திறந்த வெளி. பனிமலையைக் காணவும், பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் காட்டவும் ஆண்டுதோறும் ஆயிரமாயிரம் பேர் அங்கு சென்று வந்தனர்.

2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-ஆம் நாள் பிற்பகல், அந்தப் பச்சைப் பட்டில் இரத்தம் தோய்ந்தது. காட்டிலிருந்து வெளிப்பட்ட கொடியவர்கள் 26 பேரைச் சுட்டுக் கொன்றனர். என்ன மதம் என்று கேட்டுவிட்டுச் சுட்டனர் என்று தப்பியவர்கள் கூறினர். மணமாகிச் சில நாட்களே ஆன பெண், மாண்ட கணவனின் அருகே மண்டியிட்டு அமர்ந்திருந்த காட்சியை நாடே கண்டது. அந்த 26 பேரிலே ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர், முஸ்லிம். சுடுபவனைத் தடுக்கச் சென்று அவர் வீழ்ந்தார் என்று சொன்னார்கள். குண்டடிபட்டோரைத் தோளிலும் முதுகிலும் சுமந்து மலையிறங்கியவர்களும் அந்தக் குதிரைக்காரர்களே. இந்தச் செய்தியை உரக்கச் சொல்லுங்கள், தோழர்களே! கொலைகாரன் நாட்டைப் பிளக்க எண்ணிச் செய்த காரியத்தைக் கொண்டு, நாட்டுக்குள்ளேயே வெறுப்பு வாணிபம் நடத்துவோர் மலிந்த காலம் இது.

அதன் பிறகு நடந்ததைத்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

தேசியப் புலனாய்வு முகமையினர் பைசரனுக்கு வந்தனர். உயிர் தப்பியோரை அழைத்து, எவன் எங்கிருந்து வந்தான், எந்தப் பக்கம் ஓடினான் என்று கேட்டனர். அந்தப் புல்வெளியை முப்பரிமாணப் படமாகவும் எடுத்தனர் என்று ஏடுகள் எழுதின. மேடு எது, பள்ளம் எது, மரச்செறிவு எங்கே என்பதெல்லாம் படத்திலே ஏறின. நன்று! குற்றத்தை ஆராய அந்தப் படம் தேவை. அதை நான் பழிக்கவில்லை. ஆனால் ஒரு கேள்வி எழுகிறதே, அதை எங்கே கொண்டுபோய்ப் புதைப்பது? பிணம் எடுத்த பிறகு எடுத்த படத்தை, பிணம் விழும் முன்னரே எடுத்துப் பார்த்தவர் யார்? எடுத்திருந்தால் அது என்ன சொல்லிற்று? சொல்லியிருந்தால் அதைக் கேட்டவர் யார்?

"இதெல்லாம் பெரிய விஞ்ஞானம், கட்சிக்காரனுக்கு என்ன தெரியும்?" என்று ஆட்சிபீடத்தார் புன்முறுவல் பூக்கலாம். அந்த விஞ்ஞானம் யாது என்று நாமும் சற்றுப் பார்த்துவிடுவோம். நிலத்தைச் சிறுசிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொரு சதுரத்துக்கும் அதன் உயரத்தை எண்ணாக எழுதி வைத்தால், அதுவே கணினிப் படத்தின் அடிப்படை. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க விண்ணோடம் 'எண்டவர்' 11 நாள் சுற்றி, ராடார் கொண்டு உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை இவ்விதம் அளந்தது. 30 மீட்டர்ச் சதுரமாக அந்தக் கணக்கு இன்று எவருக்கும் இலவசம். நமது நாடும் சளைத்ததன்று. 2005 மே 5-இல் சிறீஅரிகோட்டாவிலிருந்து கார்டோசாட்-1 ஏவப்பட்டது. முன்னோக்கி ஒன்று, பின்னோக்கி ஒன்று என இரு கேமராக்கள் அதில் இருந்தன. நம் இரு கண்களும் சேர்ந்து ஆழம் அறிவதுபோல, அவை இரண்டும் சேர்ந்து மலையின் உயரம் கண்டன. 2009-இல் 'புவன்' தளத்தை இஸ்ரோ திறந்து வைத்தது.

இந்த எண்களைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? ஒரு காவற்சாவடியைப் படத்தில் வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு சதுரத்துக்கும் கோடு இழுத்துப் பார்க்கலாம். இடையிலே உயர்ந்த சதுரம் குறுக்கிட்டால், அப்பாலுள்ளது காவலன் கண்ணுக்குத் தெரியாது. கண்ணுக்குப் படும் நிலம், படாத நிலம் என்று மலைத்தொடர் முழுவதையும் இரு வண்ணத்தில் பிரித்துவிடலாம். அடுத்தது நடை. ஏற்றத்தில் நடை தளரும், செங்குத்தான இறக்கத்திலும் தளரும். சற்றே சரிந்த தரையில்தான் மனிதன் மிக விரைவாக நடப்பான் — மணிக்கு ஏறத்தாழ 6 கிலோமீட்டர். வால்டோ டாப்ளர் என்ற புவியியல் அறிஞர் 1993-இல் இதை ஒரு சூத்திரமாகவே எழுதிவிட்டார். அந்தச் சூத்திரத்தைச் சரிவுக் கணக்கோடு சேர்த்தால், இந்தப் புல்வெளிக்கு எந்தெந்த ஓடை வழியாக, எத்தனை மணி நேரத்தில் ஒருவன் வந்து சேர முடியும், மிக அருகிலுள்ள படைமுகாமிலிருந்து உதவி வர எவ்வளவு நேரம் ஆகும் என்ற இரண்டும் எதிரெதிரே வந்து நிற்கும். கல்லூரி மாணவன் ஒருவன் தன் மடிக்கணினியில், ஓர் இரவில் செய்து முடிக்கக்கூடிய கணக்கு இது. உலகின் பெரும் படைகளுள் ஒன்றை வைத்திருக்கும் அரசுக்கு முடியாதா?

கருவி இருந்திருந்தால் கொலை நடந்திராது என்று கூற நான் முன்வரவில்லை. கணக்கு ஆபத்தைக் காட்டும். ஆளை நிறுத்துவது அரசின் கடமை. அன்று ஜம்மு காஷ்மீரின் காவல்துறை ஸ்ரீநகர் அமைச்சரவையின் கையில் இல்லை. 2019-ஆம் ஆண்டு மாநிலத் தகுதியைப் பறித்த டில்லியின் கையில் இருந்தது. பழியைப் பகிர்ந்துகொள்ளப் பக்கத்தில் ஆளில்லை! 2025 ஜூலையில், அங்கே துணைநிலை ஆளுநராக இருந்த மனோஜ் சின்ஹா, பகல்காமில் நேர்ந்தது பாதுகாப்புத் தவறுதான், அதற்கு முழுப் பொறுப்பும் தமதே என்று பேட்டியளித்தார். அது திறந்த புல்வெளி, படையினர் தங்க வசதியோ இடமோ அங்கில்லை என்றும் சொன்னார்.

திறந்த புல்வெளி! அதைத்தானே ஐயா படமும் சொல்லும்? ஒளிய இடமில்லாத வெளியில் மக்கள், ஒளிந்து வர வசதியான காட்டில் கொலைகாரன், காவலுக்கு ஆள் இல்லை. நிலத்தின் இந்த இயல்பு ஏப்ரல் 22-இல் திடீரென்று முளைத்ததா? அதே மாத இறுதியில் மலைப்பகுதியின் சுற்றுலா இடங்கள் பல மூடப்பட்டன. எவை ஆபத்தானவை என்று அத்தனை விரைவில் தெரிந்ததென்றால், தெரிந்துகொள்ளும் வழி முன்பும் இருந்தது என்றன்றோ பொருள்!

சற்றுப் பின்னே செல்வோம். 2015 ஜூலை 27-இல் பஞ்சாபின் தீனாநகர்க் காவல் நிலையம் தாக்கப்பட்டது. கொல்லப்பட்ட தாக்குதல்காரர்களிடம் இருந்த ஜி.பி.எஸ். கருவிகளை ஆராய்ந்ததில், ராவி ஆற்றுப் பக்கமாக அவர்கள் நுழைந்திருக்கிறார்கள் என்பதை உள்துறை அமைச்சரே நாடாளுமன்றத்தில் தெரிவித்தார். கம்பிவேலி ஆற்றைத் தாண்டாது. மழைக்காலத்தில் வெள்ளம் வேலியையே அடித்துச் செல்லும். பகைவன் தன் வழியைத் தானே படமாக எழுதி நம் கையில் கொடுத்துவிட்டுப் போனான் எனலாம். ஐந்து மாதம் கழிந்தது. 2016 ஜனவரி 2-இல், அதே எல்லைப்புறத்தில், பதான்கோட் விமானப்படைத் தளம் தாக்கப்பட்டது! முன்கூட்டியே எச்சரிக்கை இருந்தும் உயர்காவல் தளத்துக்குள் எப்படிப் புகுந்தனர் என்று, உள்துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழு தன் 197-ஆம் அறிக்கையில் கேட்டது. அறிக்கை வந்தது 2016 மே மாதத்தில்.

அதே மே மாதத்தில் உள்துறை அமைச்சகம் என்ன செய்தது தெரியுமா? ஆற்றுப்படுகையின் ஓட்டையை அடைத்துவிட்டதாகப் பறைசாற்றவில்லை. குடிமகனின் படத்தைப் பூட்டப் புறப்பட்டது! புவிசார் தகவல் ஒழுங்குமுறை என்று ஒரு மசோதா வரைவு. முன் அனுமதி பெறாமல் நாட்டின் புவிசார் தகவலைத் திரட்டுவதோ, வைத்திருப்பதோ, வெளியிடுவதோ குற்றம். தவறாகக் காட்டினால் 100 கோடி ரூபாய் வரை அபராதம், 7 ஆண்டு வரை சிறை. கைப்பேசியில் தன் கடை இருக்கும் தெருவைக் குறிக்கும் மளிகைக்காரனும், வெள்ளத்தில் மூழ்கிய வீதிகளைப் படத்தில் குறித்துத் தோணி அனுப்பும் தொண்டனும் அனுமதிக்குக் கைகட்டி நிற்க வேண்டும். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இளைஞர்கள் அப்படிக் குறித்த படம் எத்தனை பேருக்கு வழிகாட்டிற்று என்பதை நாம் அறிவோம். எதிர்ப்பு எழுந்தது, வரைவு சட்டமாகாமலே கிடந்தது. 2021 பிப்ரவரியில் அதே ஆட்சி நேர்மாறாகத் திரும்பி, இந்திய நிறுவனங்கள் முன் அனுமதியின்றிப் படம் எடுக்கலாம், விற்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. ஐந்தாண்டுக்கு முன் நாட்டின் பாதுகாப்புக்கே உலை வைப்பதாகச் சொல்லப்பட்டது, வாணிபத்துக்கு உதவும் என்றதும் நாட்டு முன்னேற்றம் ஆகிவிட்டது! திறந்ததை நான் வரவேற்கிறேன். ஆனால் திறப்பதும் பூட்டுவதும் யார் நலம் கருதி நடந்தன என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

பூட்டி வைப்பதால் பகைவனைத் தடுக்க முடியுமா? 2008-ஐ நினைவுகூருங்கள். நவம்பர் 26. கராச்சியிலிருந்து புறப்பட்ட பத்துப் பேர் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கடலில் கைப்பற்றி, ஜி.பி.எஸ். கருவியின் துணையோடு மும்பைக் கரை சேர்ந்தனர். அவர்களுக்காக அந்தக் கரையை அளந்து கொடுத்தவன் டேவிட் ஹெட்லி. அவ்வாண்டு ஏப்ரலிலேயே படகேறிச் சுற்றி, இறங்கத்தக்க இடங்களைக் கருவியில் குறித்துக்கொண்டு போனதை அவனே அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். நமது சர்வே துறையிடம் அவன் மனுப்போட்டானா? முத்திரை வாங்கினானா? கடையில் விற்கும் கருவி அவனுக்குப் போதுமாயிருந்தது. 166 உயிர்கள் போயின. மறுபுறம், டில்லிக்கு அருகே மானேசரிலிருந்து வரவேண்டியிருந்த நமது கமாண்டோக்கள் மறுநாள் காலையில்தான் மும்பையில் களமிறங்க முடிந்தது. தாஜ் விடுதியின் தாழ்வாரமும் படிக்கட்டும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் படம் உரிய நேரத்தில் அவர்கள் கைக்குக் கிட்டவில்லை என்று அப்போதே எழுதினர். கொல்ல வந்தவனிடம் படம் இருந்தது. காக்கச் சென்ற வீரன் இருட்டிலே தடவினான். தூரம் எவ்வளவு, நேரம் எவ்வளவு என்ற எளிய கணக்கை 166 பேர் மாண்ட பிறகு போட்டார்கள். 2009-இல் சென்னை உட்பட நான்கு நகரங்களில் கமாண்டோ முகாம்கள் அமைக்கப்பட்டன.

அன்று கரையேறியவர்களை முதலில் கண்டவர் யார் தெரியுமா? கொலாபாவின் மீனவர் குடியிருப்பு மக்கள். புதிய படகு, புதிய முகங்கள், முதுகிலே மூட்டைகள். யார் நீங்கள் என்று அவர்களே கேட்டனர். விண்ணிலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாதது, வலை உலர்த்தும் மக்களின் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குப் பிறகு நாடெங்கும் மீனவருக்கு அடையாள அட்டை கொடுத்தார்கள். படகுக்கு வண்ணம் பூசச் சொன்னார்கள். கரையோரக் காவல்துறை சோதனை என்று நிறுத்தினார்கள். எச்சரித்தவனே சோதனைக்கு உள்ளானான்! அவன் ஓடிவந்து சொல்ல ஒரு கதவு, சொன்னால் கேட்க ஒரு செவி — இது எத்தனை கரையூர்களில் உண்டு என்பதை நமது கடலோரத் தோழர்கள் தத்தம் ஊரிலே விசாரித்துப் பார்க்கட்டும்.

பைசரனிலும் இதே கதைதான். விண்ணோடத்தின் ராடார் கதிர், அடர்ந்த காட்டிலே தரையைத் தொடாமல் மரத்தலைகளிலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். படம் அங்கே மரத்தின் உச்சியை மண்ணின் உயரம் என்று எண்ணிக்கொள்ளும். பைன் மரங்களுக்கு அடியில் ஓடும் ஒற்றையடிப் பாதை படத்தில் இல்லை. குதிரைக்காரன் கால்களில் இருக்கிறது. அவனை நண்பனாக்கிக்கொள்ளாத ஆட்சி எத்தனை செயற்கைக்கோள் ஏவினாலும் அரைக்குருடு.

இங்கே நமது சொந்த மண்ணின் கதை ஒன்று குறுக்கே வருகிறது, சொல்லிவிடுகிறேன். இந்தத் துணைக்கண்டத்தின் பெரும் நில அளவை எங்கே தொடங்கிற்று? நமது பரங்கிமலையில்! 1802 ஏப்ரல் 10-இல் லாம்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரி, அங்கிருந்து தெற்கே பெரும்பாக்கம் நோக்கிச் சங்கிலி பிடித்து, ஏழரை மைல் அடிக்கோட்டை 57 நாளில் அளந்து முடித்தார். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீதே தன் அரை டன் கோணமானியை ஏற்ற முயன்று, கயிறறுந்து கருவி உடைந்தது. அறிவுக்கு அரும்பணி அது, ஐயமில்லை. ஆயினும் அளந்தவன் நோக்கம் யாது? மைசூரை வென்ற கம்பெனிக்குத் தன் உடைமை எவ்வளவு, வரி எவ்வளவு, படை நடக்க வழி எது என்று தெரிய வேண்டியிருந்தது. நிலத்தில் வாழ்ந்தவனுக்குப் படம் காட்டப்படவில்லை. அவன் படத்தில் ஒரு புள்ளி. கம்பெனி போயிற்று. கோட்டையில் கொடி மாறிற்று. படத்தைப் பற்றிய மனப்பான்மை மட்டும் மாறவில்லையே!

ஆகவே, "படம் வேண்டும், படம் வேண்டும்" என்று நாமும் கண்ணை மூடிக்கொண்டு கூவிவிடக் கூடாது. கையிலே படம் வைத்திருப்பவன் எதைக் குறிக்கிறான் என்றும் பார்க்க வேண்டும். 1957-இல் அல்ஜீர்ஸ் நகரில் பிரெஞ்சுப் படை இதைத்தான் செய்தது. காஸ்பா என்ற பழநகரைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வீட்டுக்கு எண் எழுதி, யார் வீட்டில் யார் இருக்கிறார், யார் வெளியேறினார் என்று கர்னல் திரிங்கியேவின் ஆட்கள் குறித்தனர். குண்டு வைத்தவர்கள் பிடிபட்டனர். அவர்களோடு ஆயிரக்கணக்கானோர் பிடிக்கப்பட்டனர். சித்திரவதை அன்றாட வழக்கமாயிற்று. நகரச் சண்டையில் பிரான்ஸ் வென்றது. 1962-இல் அல்ஜீரியாவையே இழந்தது. ஒரு மக்கள் கூட்டத்தையே ஐயத்துக்குரிய நிலப்பரப்பாக வண்ணம் தீட்டினால் வருவது அதுதான். இன்றைக்கு நம் நாட்டிலும் "ஆபத்தான பகுதி" என்று கணினியில் சிவப்பு பூசும் ஆர்வம் பெருகுகிறது. காட்டையும் கணவாயையும் குறியுங்கள், ஐயா. குடியிருப்பையும் கும்பிடும் இடத்தையும் குறிக்காதீர்கள்!

படிப்பாளிகளின் செருக்குக்கும் ஒரு சான்று சொல்லலாம். 2009-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகப் புவியியலாளர் சிலர், பறவைகளும் விலங்குகளும் பரவும் முறையை ஆராயும் கோட்பாட்டைக் கொண்டு, ஒசாமா பின்லேடன் எங்கே ஒளிந்திருப்பான் என்று கணக்கிட்டனர். பாராசினார் என்ற ஊரில் மூன்று கட்டடங்களைச் சுட்டிக்காட்டினர். 2011 மே 2-இல் அவன் அகப்பட்டதோ அப்போட்டாபாத்தில், பாகிஸ்தான் இராணுவக் கழகத்துக்கு அருகே! அவர்கள் வரைந்த பெருவட்டத்துக்குள்தான் அந்நகரமும் இருந்தது என்று வாதாட இடமுண்டு. ஆனால் எந்த அரசின் நிழலில் அவன் வாழ்ந்தான் என்பதைச் சரிவும் உயரமும் எப்படிக் கூறும்?

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் உலகப் பயங்கரவாதத் தாக்குதல்களின் பெருந்தொகுப்பு ஒன்று உண்டு. 1970 முதல் நடந்தவற்றை இடக்குறியோடு பதிந்து வைத்திருக்கிறார்கள்; உலகெங்கும் ஆய்வாளர் அதை எடுத்தே படம் வரைகின்றனர். அதன் முதன்மைப் பட்டியலில் 1993 இல்லை. அந்த ஆண்டின் ஏடுகள், பல்கலைக்கழகத்துக்கு வந்து சேரும் முன்பே தொலைந்து, பின்னர் ஓரளவே மீட்கப்பட்டன. 1993 மார்ச் 12-இல் மும்பையில் தொடர் குண்டுகள் வெடித்து 257 பேர் மாண்டனரே, அந்த ஆண்டுதான்! அந்தப் பட்டியலை மட்டும் நம்பி வரையும் படத்தில் அவர்கள் மாளவே இல்லை. ஆதலால்தான் சொல்கிறேன்: படத்தை மூடிய அறையில் நாலு அதிகாரிகள் பார்த்தால் போதாது, கேள்வி கேட்கும் உரிமையுள்ள மன்றத்தின் முன் அது வைக்கப்பட வேண்டும்.

முடியாததையா கேட்கிறேன்? 1999-இல் கார்கில் சிகரங்களில் பகைவன் ஏறி அமர்ந்து, ஸ்ரீநகர்–லே சாலையைக் குறிவைத்தான். எப்படி ஏறினான், ஏன் நமக்குத் தெரியவில்லை என்று ஆராய, போர் முடிந்த மூன்று நாளில், ஜூலை 29-இல், வாஜ்பாய் அரசு ஒரு குழு அமைத்தது. தலைவர் கே. சுப்பிரமணியம் — நமது திருச்சியில் பிறந்தவர். அவ்வாண்டு டிசம்பரில் அறிக்கை தந்தார். சில பகுதிகளை நீக்கிவிட்டு, 2000 பிப்ரவரி 23-இல் அது நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. வேவு அமைப்பின் ஓட்டைகளும், மலைக்காவலின் குறைகளும், வானிலிருந்து படமெடுக்கும் வசதியின் போதாமையும் அச்சிலே வந்தன. நாடு சிதறிவிட்டதா? படையின் மனம் தளர்ந்ததா? இன்று ஆள்வோர் தங்கள் மூதாதையாகப் போற்றும் தலைவரின் ஆட்சியிலேயே முடிந்த காரியம் இது.

2025 ஜூலை இறுதியில் நாடாளுமன்றத்தில் நடந்த விவாதத்தில், கொலையாளிகள் பைசரனை எப்படி அடைந்தார்கள், அங்கே ஏன் ஒரு காவலனும் இல்லை என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். கொன்றவர் மூவரும் ஜூலை 28-இல் சுட்டு வீழ்த்தப்பட்டதை உள்துறை அமைச்சர் அறிவித்தார். வீழ்த்திய வீரர்களுக்கு நமது வணக்கம். ஆனால் கேட்ட கேள்விக்கு அது விடையாகுமா? முந்தைய ஆட்சிகளின் பிழைகளை நேரு காலத்திலிருந்து பட்டியலிட்டதும் விடையாகுமா? முப்பரிமாணப் படம் எடுத்தார்களே, அதில் அந்த மூவரும் வந்த வழியும், அவ்வழி எந்தக் காவற்சாவடியின் கண்ணுக்கும் படாமல் இருந்ததா என்பதும், அங்கே உதவி வந்து சேர எத்தனை நிமிடம் ஆயிற்று என்பதும் இருக்கத்தானே வேண்டும்?

வரும் வாரங்களில் உங்கள் பகுதிக் கூட்டங்களில் இதைப் பேசுங்கள். போர்முழக்கமும் மதக்கணக்கும் பேசி வருவோரிடம் சினம் கொள்ளாமல், பைசரனின் படத்தை அவைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். இரகசியம் என்பார்கள். எதை நீக்க வேண்டுமோ அதை நீக்கிவிட்டே அனுப்பட்டும். கார்கிலிலும் அப்படித்தானே செய்தார்கள்? படையின் இருப்பிடத்தை எவரும் கேட்கவில்லை. 2025 ஏப்ரல் 22-ஆம் நாள் பிற்பகலில், பைசரனின் வாசலில் எத்தனை காவலர் நின்றிருக்க வேண்டும் என்று கணக்கிடப்பட்டது, எத்தனை பேர் நின்றனர், அந்த வேறுபாட்டுக்குக் கையெழுத்திட்டவர் யார் — அந்த மூன்றும் தெரிந்தாக வேண்டும்.